நிறைந்தே நின்ற ஊசி

பெட்ரோலில் நனைந்த குச்சியை வெளியே எடுத்ததும் வாசனை மூக்கில் ஏறிக் கண்ணைக் கொஞ்சம் கூச வைக்கும், அடுத்த மூச்சில் ஈரம் காற்றில் ஓடிப்போகும், அது ஓடுவதற்குள் எந்த வெட்டு வரைக்கும் நனைந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அப்பா காலையில் பல் விளக்கும் முன்பே இதைச் செய்வார். கருங்குழியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. பல கை மாறி எங்களிடம் வந்து வாடகைக்கு ஓடியது. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஊசியை அதில் நம்ப முடியாது. அதனால் கத்தியால் வெட்டுப் போட்ட ஒரு மூங்கில் குச்சி. வீட்டில் அதற்கு "டாங்க் கோலு" என்று பெயர்.

நான் எட்டாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஊசி முதலில் ஒழுங்காகத்தான் இருந்தது. தனம் அத்தை மாலை வாங்கி வந்த பிறகுதான் கெட்டது. அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்து ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். அவளைப் பார்க்க வருவார்கள், பஜ்ஜி தின்பார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள், அதோடு சரி. கடைசியில் திருவிடந்தைக்குப் போனோம். அங்கே பெருமாளுக்கு மாலை சாத்தி, திருப்பிக் கொடுக்கிற மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்து, அதைப் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாகப் போய்க் காய்ந்த மாலையைக் கோயிலில் சேர்க்க வேண்டும். அதுவரை அது கால் படும் இடத்தில் இருக்கக் கூடாது, தீட்டும் படக் கூடாது. எங்கள் வீடு ஒரே அறை, மழைக்கு ஒழுகும், அதற்குள்தான் எல்லாம். வண்டியில் வைக்கலாம் என்று அம்மா சொன்னாள். முன்னால் தொங்கவிட்டால் வாடகைக்கு ஏறுகிறவன் கை வைப்பான் என்று, டிக்கியின் பக்கவாட்டு அட்டையில் உயரமாக ஒரு கொக்கியை ஸ்குரூ போட்டு முடுக்கி, மஞ்சள் துணியில் சுற்றி அப்பா அதை மாட்டினார்.

மறுநாள் சாவியைத் திருப்பியதும் ஊசி மேலே போய் நிறைந்த இடத்தில் நின்றது. அப்பா சத்தம் போட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"பாத்தியா, பெருமாளு வந்து குந்துனதும் டாங்க்கு ரொம்பிடுச்சி."

அன்று சாயங்காலமும் ஊசி அங்கேயே நின்றது. மறுநாளும் நின்றது. செங்கல்பட்டில் ஒரு மெக்கானிக் மீட்டரையே கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிப் பார்த்தார். அதுவும் நிறைந்தே நின்றது. அப்புறம்தான் மூங்கில் குச்சி வந்தது.

மாலை காய்ந்து, பூ உதிர்ந்து, நார் தெரியத் தொடங்கிய சமயத்தில் கோவளம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் ஏழுமலை, ஐஸ் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறார், பெண்ணைத் திருவிடந்தைக் கோயிலிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். அத்தைக்கு முப்பத்தொன்று என்றால் அவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள், அதனால் இருபத்தாறு என்று சொல்லியிருக்கிறேன், நீங்களும் அதையே சொல்லுங்கள் என்றார். இதுவும் தவறினால் இனிமேல் யாரிடமும் போய் நிற்கப் போவதில்லை, தையல் மெஷின் போதும் என்று அத்தை சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அதனால் வீடே பயந்து கிடந்தது.

அன்று காலை அப்பா வெள்ளை வேட்டியோடு கோலை எடுத்தார். அம்மா விடவில்லை.

"நல்ல காரியத்துக்குப் போறோம், பெட்ரோலு நாத்தத்தோடவா சம்பந்தி முன்னாடி நிப்ப? நேத்துதான ஊத்துன, ஏறு வண்டில."

ஊற்றியது உண்மைதான், ஊற்றிய பிறகு ஒரு வாடகை வேடந்தாங்கல் போய் வந்ததை அம்மா மறந்துவிட்டாள், அப்பாவும் யோசிக்கவில்லை. கோல் சுவரில் சாய்ந்தபடியே நின்றது. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் என்று வழி முழுக்க அம்மா பாடம் நடத்திக்கொண்டு வந்தாள்.

"வயசு கேட்டா இன்னா சொல்லுவ?"

"இருபத்தாறு."

"மொறச்சிகினு சொல்லாத. தலய குனிஞ்சிகினு சொல்லு."

பட்டிபுலம் தாண்டிச் சவுக்குத் தோப்பு ஓரத்தில் வண்டி இரண்டு முறை இழுத்தது, அப்புறம் நின்றது. அப்பா ஊசியைப் பார்த்தார்.

"நெறஞ்சி கீது. வண்டி நிக்கிது" என்றார்.

கோவளத்துக்கு மீன் கூடையோடு மொபெட்டில் போனவரை நிறுத்தி, கோயில் வாசலில் ஏழுமலை என்ற மாப்பிள்ளை நிற்பார், பெட்ரோல் இல்லாமல் நிற்கிறோம் என்று சொல்லச் சொன்னோம். ராகுகாலம் வரப்போகிறதே என்று அம்மா புலம்பினாள். அத்தை தோப்பு நிழலில் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தாள். அன்று அவள் முகம்தான் எல்லோரையும்விடத் தெளிவாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் மொபெட்டில் கேனோடு வந்து இறங்கினார். கரும்பனை மாதிரி உயரம். அம்மா ஓடினாள்.

"மாப்ள வூட்டுல ரொம்ப கோவமா கீறாங்களா, தம்பி?"

"கோவம்லாம் இல்லீங்க. பசிதான்."

"மாப்ள இன்னா சொல்றாரு?"

"நான்தாங்க மாப்ள."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அத்தை செருப்பைத் தேடினாள்.

அவர் உடனே ஊற்றவில்லை. "இத்த ஊத்துனா கோயிலுக்குப் போயிடலாம், அண்ணாத்த. ஆனா ஊசி பொய் சொல்லிகினே இருந்தா நாளைக்கும் இப்டித்தான் நிப்பீங்க" என்றார்.

"நேரம் போவுதே, தம்பி" என்றாள் அம்மா.

"பாக்க வந்த ஆளு இங்கதான கீறாங்க" என்றார் அவர், அத்தை பக்கம் திரும்பாமல்.

அப்பா பீடியை அணைத்தார். அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து ஊசியைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். ஏழுமலை டிக்கியைத் திறந்து, டாங்க்கின் தலையில் மாட்டியிருந்த வயரை உருவினார்.

"இப்ப எங்க கீது?"

"அங்கியேதான் நிக்கிது!"

உருவினால் ஊசி விழ வேண்டும். விழவில்லை என்றால் டாங்க் மேல் தப்பில்லை, அப்பா சொன்னபடி மீட்டரையும் மாற்றிப் பார்த்தாயிற்று, நடுவில் எங்கேயோ வயர் வண்டியின் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்றார் அவர். அப்பாவும் அவரும் குனிந்து அட்டை ஓரமெல்லாம் தடவினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அத்தை எழுந்து வந்தாள்.

"அண்ணா, மால மாட்டுன மறுநாளுதான இது கெட்டுது?"

அப்பா கொக்கியைப் பார்த்தார். அதன் ஸ்குரூ அட்டையைத் துளைத்துப் பின்னால் போயிருந்தது. அட்டைக்குப் பின்னால்தான் வயர் ஓடுகிறது.

"மாலயில கை வெக்காதீங்க! தாலி ஏறாம எறக்குனா தோஷம்" என்று அம்மா முன்சீட்டிலிருந்தே கத்தினாள். அப்பாவின் கை நின்றது. ஏழுமலை ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அத்தையிடம் கேட்டார்.

"உங்க மாலை. நீங்க சொல்லுங்க. கயட்டலாமா?"

அத்தை மஞ்சள் துணியை அவிழ்த்து மாலையை எடுத்தாள். தரையில் வைக்க முடியாது, சீட்டில் வைக்க முடியாது, அதனால் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டாள். அம்மா தலையில் கை வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் போயிற்று. மாலையோடு பெண், பக்கத்தில் ஆண், ஓரத்தில் வெள்ளைக் கார். ஜன்னலிலிருந்து ஒரு கிழவி, "நல்லாருங்க!" என்று கையைத் தூக்கிக் கத்திவிட்டுப் போனாள். அப்பா முதல் முறையாகச் சிரித்தார்.

ஸ்குரூவைத் திருகி எடுத்தார்கள். அதன் முனையில் செம்பு நூல் ஒட்டிக்கொண்டு வந்தது. காயம்பட்ட இடத்தில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, வயரைத் திரும்ப டாங்க்கில் மாட்டினார் ஏழுமலை.

"அண்ணி, இப்ப?" என்று கேட்டாள் அத்தை.

"வியுது... வியுது... அடியில போயி குந்திகிச்சி."

காற்று சவுக்கில் உரசியது. அத்தை மாலையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனியாமல் சொன்னாள்.

"எனக்கு முப்பத்தொண்ணு. இருபத்தாறுன்னு சொன்னது பொய்யி."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஏழுமலை கேனின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றார்.

"எனக்கு எவ்ளோன்னு சொன்னாரு தரகரு?"

"முப்பது."

"முப்பத்தஞ்சி" என்றார். அப்புறம், "ரெண்டு வூட்டுலயும் அஞ்சிதான் கொறச்சிகீறாரு. நாயமான மனுசன்" என்றார்.

அத்தை சிரித்த சத்தத்தில் தோப்பிலிருந்து காக்கை பறந்தது. அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை. கேன் காலியானதும் ஊசி மெல்ல எழுந்து, கொஞ்சம்தான், அடியிலிருந்து ஒரு விரல் அகலம் ஏறி நின்றது. அந்த ஒரு விரலை நம்பி ராகுகாலத்திலேயே கோயிலுக்குப் போனோம். மாலை டிக்கிக்குத் திரும்பவில்லை. தீட்டு என்று அம்மா முனகியும், தையல் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்கியிருந்து, தை மாதம் கல்யாணம் முடிந்ததும் ஜோடியோடு அதே காரில் கோயிலுக்குப் போயிற்று.

அந்தக் கார் இப்போது இல்லை, துண்டு துண்டாக இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அப்பாவும் இல்லை. கோல் எந்த அடுப்பில் எரிந்ததோ தெரியாது. சவுக்குத் தோப்பு நின்ற இடத்தில் நீளமாக மதில் போகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிவதில்லை. நான் செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் கார் ஓட்டுகிறேன், இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று என் வண்டி எண்ணாகவே எழுதிக் காட்டுகிறது. அதை நான் முழுதாக நம்புவதில்லை, பாதி இறங்கியதும் பங்க் பார்த்து ஒதுங்கிவிடுவேன்.

போன மாதம் அத்தையின் மகள், நர்ஸ் வேலை பார்க்கிறவள், திருவிடந்தைக்குப் போக வேண்டும் என்று அவளாகவே கேட்டாள். தரகர் யாரும் இல்லை. பார்த்திருக்கிற பையனிடம் வயதையும் வாங்குகிற சம்பளத்தையும் அவளே போனில் சொல்லிவிட்டாளாம். நான்தான் கூட்டிப் போனேன். கோயிலைச் சுற்றிவிட்டு ஈர மாலையோடு வந்து வண்டியில் ஏறினாள். எங்கே மாட்டலாம் என்று மேலும் கீழும் பார்த்தேன். பின்சீட்டிலிருந்து அத்தை மாலையை வாங்கித் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"வண்டில எங்கனா ஸ்குரூ கிஸ்குரூ முடுக்குன, கைய ஒடச்சிடுவேன். நேரா ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள்.