நீர் முன்னால் போம்

விக்டோரியா பயந்தாங்கொள்ளி என்பது ஊரறிந்த சங்கதி. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டிய கிறிஸ்தவத் தெருவில் அவள் வீடு. நடவு வயலில் தண்ணீர்ப்பாம்பு நெளிந்தால் முதலில் வரப்பேறுகிறவள் அவள்தான். மற்றப் பெண்கள் வேண்டுமென்றே வைக்கோல் பிரியைத் தண்ணீரில் இழுத்து, "அய்யய்யோ விக்டோரி, உன் கால்ல சுத்திகினு கீது!" என்று கூச்சலிடுவார்கள். அவள் அலறுவாள். பிறகு அவர்களோடு சேர்ந்து தானும் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் மகன் தானியேல் இருந்த வரைக்கும். அறுபத்திரண்டாம் வருஷத்துக் கோடையில் சுற்றுவட்டாரம் முழுக்கப் பெரியம்மை பரவியது. கிறிஸ்தவக் கோயிலின் உபதேசியார் ஆசீர்வாதம் வீடு வீடாகப் போய், விசுவாசிகளின் வீட்டை வாதை நெருங்காது என்ற பொருளில் ஒரு வசனத்தைக் கதவுகளில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார். விக்டோரியா அந்த எழுத்தை நம்பினாள். தினமும் அதைத் தொட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அதே கதவைத் தாண்டி நோய் உள்ளே வந்தது. தானியேலுக்கு ஆறு வயது. உடம்பெல்லாம் முத்து முத்தாய் வெடித்துக் கிடந்தவன், "பாடும்மா, பாடும்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஞாயிறு பள்ளியில் அவன் கற்றுக்கொண்ட மேய்ப்பன் பாட்டை அவளும் ஓயாமல் பாடினாள். அவன் கேட்பதை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் பாடிக்கொண்டுதான் இருந்தாள்.

அதன்பின் அவள் கோயிலுக்குப் போனாள், ஆனால் பாடவில்லை. எல்லோரும் எழுந்து பாடும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பாள். மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கணவன் ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொண்டு, ஒரு கட்டத்தில் நிறுத்தியே விட்டான். ஜெபம் செய்ய உட்கார்ந்தால் பாதியிலேயே எழுந்துவிடுவாள். முன்பு பாம்புக்கும் இடிக்கும் பயந்தவள், இப்போது கேட்டால் பதில் வராதோ என்று பயந்தாள்.

இரண்டு வருஷம் கழிந்தது. அரிசிக்கு வரிசையில் நின்று ஊரே சோர்ந்து போயிருந்த காலத்தில் அம்மை மறுபடி வந்தது. இந்த முறை ஊர்த்தெருவில், ராஜவேலு வீட்டில். விக்டோரியா வருஷா வருஷம் நாற்று நட்டது அவர் நிலத்தில்தான். கூலி வாங்க அந்த வீட்டுக் கொல்லை வாசல் வரை போவாள். அதைத் தாண்டி அவளோ அவள் தெருக்காரர்களோ உள்ளே கால் வைத்ததில்லை.

ராஜவேலுவின் மனைவி லட்சுமியம்மாள் வாழையிலைமேல் வேப்பிலை பரப்பிப் படுத்திருந்தாள். அம்மா வார்த்திருக்கும் வீட்டில் மாலையில் தாலாட்டுப் பாடி அம்மனைக் குளிர வைப்பது வழக்கம். பாட வந்துகொண்டிருந்த அங்காளம்மாளும் காய்ச்சலில் விழுந்துவிட்டாள். பிள்ளைகளை ஆரணிக்கு அனுப்பியாயிற்று. வேறு யாரும் வாசலை மிதிக்கவில்லை.

ஒருநாள் பிற்பகலில் ராஜவேலு கிறிஸ்தவத் தெருவுக்கு வந்தார். தோள்துண்டு இல்லை, காலில் செருப்பும் இல்லை. விக்டோரியா வீட்டின் முன்னால் நின்றார்.

"விக்டோரி, நீ உன் புள்ளைய கூடவே இருந்து பாத்தவளாம்."

"ஆமாங்க ஆண்டே."

"அவ தண்ணி கூட வாங்க மாட்டேங்கறா. என்னைக் கண்டா மூஞ்சத் திருப்பிக்கறா. பாட்டு பாடு, பாட்டு பாடுன்னு சொல்லிகினே கீறா. எனக்கு இன்னா பாட்டு தெரியும்? மாட்டை ஓட்டத் தெரியும்."

"எனக்கு உங்க பாட்டு தெரியாதுங்களே."

"எதுனா பாடு. ஒரு பொம்பள கொரலு கேட்டா போதும் அவளுக்கு."

அதற்குள் தெரு கூடிவிட்டது. ஆசீர்வாதம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா, அம்மனுக்குத் தாலாட்டு பாடப் போறியா? அப்பறம் கோயில்ல வந்து எந்த மூஞ்சோட உக்காருவ?"

"நான் இன்னும் வரேன்னே சொல்லலிங்க உபதேசியாரே."

"போனா நோயையும் எடுத்துகினு வருவ. தெருவுல புள்ளைங்க கீதுங்க."

அது நியாயமான பேச்சுதான். ராஜவேலு திரும்பி நடந்தார். மாட்டின் பின்னால் போகிறவர் போலவே முதுகை வளைத்து நடந்தார். அவர் ஏரிக்கரை ஏறும்வரை விக்டோரியா பார்த்துக்கொண்டிருந்தாள். 'பாட்டு பாடு' என்று அவர் சொன்ன சொல் காதிலேயே நின்றது. தானியேலின் வறண்ட உதடு கண்ணில் தெரிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, முக்காடு போட்டுக்கொண்டு அவளும் கரை ஏறினாள்.

அந்த வீட்டின் முன்வாசலில் வேப்பங்கொத்து செருகியிருந்தது. நிலைப்படியில் மஞ்சள். அவள் நின்றுவிட்டாள். திரும்பிப் போய்விடலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று தோன்றியது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டு ஜெபித்தது அங்கேதான்.

"ஆண்டவரே, எனக்கு ரொம்ப பயமா கீது. காப்பாத்தறேன்னு நீர் ஒண்ணும் சொல்ல வேணாம். அத நான் கேக்கல. நீர் முன்னால போம். நான் பின்னால வரேன்."

அவ்வளவுதான். வானம் ஒன்றும் திறக்கவில்லை. பயமும் போகவில்லை. ஆனால் தனக்கு முன்னே யாரோ குனிந்து அந்தத் தாழ்ந்த நிலைவாசலைக் கடந்து போனது போல அவளுக்கு இருந்தது. பின்னாலேயே போய்விட்டாள்.

அறைக்குள், தானியேல் கிடந்தபோது இருந்த அதே நாற்றம். லட்சுமியம்மாளின் முகம் அடையாளம் தெரியவில்லை. விக்டோரியா பக்கத்தில் உட்கார்ந்து, இளநீரில் துணியை நனைத்து உதட்டில் பிழிந்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மேய்ப்பன் பாட்டைப் பாடினாள். முதல் அடியில் குரல் உடைந்தது. இரண்டாம் அடியை விழுங்கிவிட்டு மூன்றாவதற்குப் போனாள். அந்த ஒரு பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் பாடினாள். அழுதுகொண்டுதான் பாடினாள்.

"யாரு?" என்றாள் லட்சுமியம்மாள். கண் திறக்கவில்லை.

"நான்தாங்க."

"நீதானா. பாடு."

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை விக்டோரியா அந்த வீட்டிலேயே இருந்தாள். லட்சுமியம்மாள் பிழைத்தாள். இடது கண் மட்டும் போய்விட்டது. விக்டோரியாவுக்கு நோய் ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை, தன் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஒட்டியது என்று அவள் பல காலம் யோசித்தாள். பதில் கிடைத்ததாக ஒருபோதும் சொன்னதில்லை.

எழுந்து உட்கார்ந்த லட்சுமியம்மாள் ஒரே பிடியாகச் சொன்னாள்: "அது விக்டோரி இல்ல. அம்மாதான் கிறிஸ்தவச்சி வேஷத்துல வந்து எனக்குப் பாடுனா. நான் கேட்டேன், நான்தான்னு சொன்னா."

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஆசீர்வாதம் தலையில் அடித்துக்கொண்டார். "உன்னை அம்மன் ஆக்கிட்டாங்களேம்மா! போய் இல்லைன்னு சொல்லு."

"பத்து தபா சொல்லிட்டேன். அம்மன் அப்படித்தான் மறைப்பாளாம். நான் இன்னா பண்ண?"

கோயிலில் நெடுநாள் அவள் உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்காரவில்லை. அவள் அங்கேயே தனியாக உட்கார்ந்து பாடினாள்.

அதற்குப் பிறகு எங்கே அம்மை வார்த்தாலும் ஆள் வந்தது. 'பாட்டுக்கார அம்மாவைக் கூப்பிடு' என்றார்கள். ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் போனாள். ஒவ்வொரு நிலைப்படியிலும் நின்று, 'நீர் முன்னால போம்' என்ற அதே வார்த்தையைச் சொன்னாள். சில வீடுகளில் நோயாளி பிழைத்தார், சிலவற்றில் அவள் பாடும்போதே போனார். திரும்பி வந்து, தலைக்குக் குளித்து, ஆறிப்போன கூழைக் குடித்துவிட்டு, மறுநாள் நடவுக்குப் போவாள். தைரியசாலி என்று யாராவது சொன்னால் எரிச்சல்படுவாள். "போய்ட்டு வந்து ரெண்டு நாளைக்கு எனக்கு சோறு எறங்காது, அது தெரியுமா உனக்கு?"

எழுபதுகளின் நடுவில் ராஜவேலுவின் நிலத்தில் பாதி ஏதோ ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சுவருக்குள் போனது. நடவு குறைந்தது. ஒருநாள் அம்மை குத்த வரும் அரசாங்க ஆள், இனி அந்த நோயே நாட்டில் கிடையாது என்று தெருவில் சொல்லிவிட்டுப் போனார். விக்டோரியா அவரை இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு ஏரிக்கரை ஏறி லட்சுமியம்மாளிடம் போனாள். லட்சுமியம்மாள் குணமான மறுநாளிலிருந்து, முன்போலவே கொல்லை வாசல் வரைதான்.

லட்சுமியம்மாள் படிக்கு உள்ளே உட்கார்ந்திருந்தாள். விக்டோரியா வெளியே நின்று சேதியைச் சொன்னாள்.

"அப்ப அம்மா இனிமே வரமாட்டாளா?"

"வரமாட்டாளாம்."

லட்சுமியம்மாள் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தாள். "நெசத்த சொல்லு. அன்னிக்கி வந்தது நீதான?"

"நான்தாங்க. இத்தினி வருசமா அதத்தான சொல்லிகினு கீறேன்."

"பயப்படலியா நீ?"

"பயந்துகினுதான் வந்தேன். எனக்கு முன்னால ஒருத்தர் வந்தாரு. அவரு பின்னால வந்துட்டேன்."

லட்சுமியம்மாள் சற்று நகர்ந்து இடம் விட்டாள். "நின்னுகினே பேசற. உள்ள வந்து உக்காரு."

விக்டோரியா படியைப் பார்த்தாள். அதில் நோய் இல்லை, மஞ்சளும் இல்லை. ஆனாலும் பயமாக இருந்தது. உதடு அசைய, வழக்கமான அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுக் காலை எடுத்து வைத்தாள்.