துண்டுக்குள் வந்த கை

கதை அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் பாடாலூருக்கு ஒரு நடை வாருங்கள். நெடுஞ்சாலை ஓரம் பழைய அறுவடை இயந்திரம் வாங்கி விற்கும் வைரக்கண்ணுவின் கொட்டகையை யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். தகரக் கூரைமேல் ஐந்நூறு ரூபாய்க் கட்டு இரண்டு கிடக்கும். சித்திரை வெயில் முழுக்கக் காய்ந்த கட்டுகள். இன்னும் ஈரமாகத்தான் இருக்கின்றன. ஒருவரும் திருடவில்லை. தொட்டவர் திருட மாட்டார்.

போன மாசியில் நடந்தது இது. வைரக்கண்ணு ஒரு பழைய மோட்டார் படகு பார்க்க அரியலூர் போனார். பணக்காரர்கள் உல்லாசமாகப் போகிற ரகம். மேலே சுக்கான் மேடை, நடுவில் படுக்கை அறை, பின்னால் தூண்டில் போடத் தளம். அவருடைய ஒரே மகன் திருமுருகன் படகு ஓட்டும் சான்றிதழோடு இரண்டு வருடமாக வீட்டில் உட்கார்ந்திருந்தான். நாகப்பட்டினத்தில் ஆட்களைக் கடலுக்கு மீன் பிடிக்கக் கூட்டிப்போய் அவன் பிழைக்கட்டும் என்று, தாயில்லாப் பிள்ளைக்காக நல்ல இயந்திரம் ஒன்றை விற்றுப் பணம் வைத்திருந்தார்.

படகு நின்ற இடம் செந்துறை சாலையில் ஒரு லாரி கொட்டகை. தரகர் அரியமுத்து சொன்ன விலை இருபது லட்சம். சொன்னது அத்தனையும் பொய்.

“ஒரே கை ஓட்டுனதுண்ணே. தட்டுனா ஸ்டார்ட்டு.”

“தட்டுறேன். டீசல் எங்கய்யா?”

“அது… இல்லண்ணே.”

“ஓனரு?”

“சிங்கப்பூருண்ணே.”

“அப்ப ஒன் வாயி மட்டும்தான் இங்க ஓடுது. போய் டீசல் வாங்கிட்டு வா, போ.”

அரியமுத்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். மணி 12.05. உச்சி வெயில். கொட்டகை முகப்பில் ஓர் அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வைரக்கண்ணு ஏணி வைத்துப் படகில் ஏறினார்.

அறைக்குள் போனார். மெத்தையை அமுக்கினார். நீர் கசிந்தது. மூன்று வருடமாகத் தரையில் நிற்கும் படகு இது. விரலை நக்கிப் பார்த்தார். உப்பு.

“கழுவக்கூட கடல் தண்ணியாடா?” என்று பல்லைக் கடித்தார்.

12.18. அடியில் ஒரு சத்தம். சளப்… சளப்… படகின் வயிற்றில் அலை மோதுவதுபோல். எலி என்று நினைத்துக் கொண்டார்.

12.24. வெளியே சரளைக்கல்லில் காலடிச் சத்தம். பக்கவாட்டு ஜன்னலருகே வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் உருவம். அரியமுத்து திரும்பிவிட்டார் என்று நினைத்தார். கோபம் உச்சிக்கு ஏறியது.

வைரக்கண்ணுவின் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் வாயால் விலை பேசுவதில்லை. துண்டுக்கு அடியில் கை கோத்து, பிடிக்கிற விரலை வைத்து விலை. ஐந்து விரலைப் பிடித்தால் ஐந்து. அது ஆயிரமா, லட்சமா என்று முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பிறகு கையை இறுக்கினால் வியாபாரம் முடிந்தது. அப்பனே வந்தாலும் மாற்ற முடியாது.

அன்று இருந்த கோபத்தில் வைரக்கண்ணு ஆயிரமா, லட்சமா என்பதைச் சொல்லவில்லை.

“யோவ், ஒன்கிட்ட பேசி மாளாது. கையைக் குடு.”

ஜன்னல் கண்ணாடியைக் கையளவு தள்ளி, தோள் துண்டை அதில் போட்டு, அடியில் கையை நீட்டினார். ஒரு கை வந்து பிடித்தது.

ஐந்து விரல்.

ஐந்தா? இருபது சொன்னவன் ஐந்துக்கு வருகிறானா? அப்படியென்றால் படகு ஓட்டை. ஆத்திரத்தில் கையை இறுக்காமல் வைத்திருந்தார்.

கை நகர்ந்தது. நான்கு விரல்.

மூன்று.

இரண்டு.

கேட்காமலே விலையிறக்கும் வியாபாரியை அவர் பரம்பரையே பார்த்ததில்லை.

ஒன்று. சுண்டுவிரல் மட்டும்.

இன்ஜினைக் காயலான் கடையில் போட்டாலே நாலு லட்சம் தேறும். கோபத்தை ஆசை வென்றது. இறுக்கினார்.

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கை… குளிர்ந்திருந்தது. ஊறிப்போயிருந்தது.

அதற்குக் கட்டைவிரல் இல்லை.

12.31. சட்டைப் பையில் கைபேசி அடித்தது. இடக்கையால் எடுத்தார்.

“அண்ணே, அரியமுத்து. பங்க்குலதான் நிக்கிறேன். கேன்ல டீசல் தர மாட்டேங்கிறான்…”

கை விட்டது.

உள்ளங்கையில் ஏதோ இருந்தது. மிதக்கத் தக்கை கட்டிய படகுச் சாவி. ஈரச் சாவி.

எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. அண்ணாந்து பார்த்தார். ஜன்னல் ஒன்பதடி உயரத்தில் இருந்தது. அந்தப் பக்கம் ஏணி இல்லை.

நாற்காலி அம்மாளிடம் சாவியை நீட்டினார்.

அம்மாள் எழவில்லை.

“எங்கங்க கெடைச்சுது? இது எங்கூட்டுக்காரர் இடுப்புல இருந்த சாவி.”

“ஓனரு சிங்கப்பூருன்னான்?”

“கடல்ல போனவருங்க. ஆளே கெடைக்கல. போட்டு மட்டும் கரைக்கு வந்துச்சு.”

“கட்டைவிரலு…”

“தூண்டி நரம்பு அறுத்துடுச்சு.” அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். “எத்தனைக்கு முடிச்சீங்க?”

“ஒன்னு.”

“அவருக்கும் ஒன்னுக்குத்தான் குடுத்தாங்க. லட்சம்னு நெனச்சுட்டாரு. எங்களுக்கு ஒரே பையன்ங்க. அன்னைக்கே அவனைக் காணோம். அவனைத் தேடித்தான் அவரு கடலுக்குப் போனாரு.”

12.50. கைபேசி மறுபடி அடித்தது. திருமுருகன்.

“அப்பா, போட்டு வாங்கிட்டீங்களா? வாசல்ல ஒருத்தர் நிக்கிறாரு. ஒன்னு தரணுமாமே.”

“கதவைச் சாத்துடா.”

“உள்ள வந்துட்டாருப்பா. தரையெல்லாம் தண்ணி.”

“பீரோல பணம் இருக்கு. ஒரு லட்சம் எடுத்துக் குடு. மூஞ்சில விட்டெறி.”

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

“குடுத்தேன்பா… சிரிக்கிறாரு. நீங்க லட்சம்னு சொல்லவே இல்லையாமே?”

சளப்… சளப்…

பிறகு ஒன்றுமில்லை.

1.52. பாடாலூர். வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

வாசற்படியில் இரண்டு கட்டு. நனைந்து கிடந்தன.

எண்ணிப் பார்த்தார்.

ஒரு தாள் குறையவில்லை.