போன் நம்பர் இல்லாத பதினோரு பேர்

நான் படித்தது நாலாம் வகுப்பு. சுரண்டையிலிருந்து மாற்று வேட்டிகூட இல்லாமல் வந்து, ஐந்தருவி ரோட்டில் இருபத்திரண்டு அறை லாட்ஜ் கட்டியவன். ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் பொன்செல்வியை வரவேற்பு மேசையில் உட்கார வைத்ததும் அப்படித்தான்.

போன சீசனில் ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டாள். மாடிப்படியில் சண்டை. "இன்னொரு தடவ இப்படி நடந்தா நீ வீட்டோட இருந்துக்கோ" என்றேன். அவள் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது. ஆனால் நான் சொன்னால் சொன்னதுதான்.

அவள் அழவில்லை. எங்கள் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கும் ஹுஸைஃபாவிடம் சொல்லி, ஏஐ ஏஜென்ட் ஒன்றைப் போட வைத்தாள். டெர்மினல் என்கிற கறுப்புத் திரையில் வேலையைத் தமிழிலேயே சொன்னால் போதும், அதுவே புரோகிராம் எழுதிக்கொள்ளும். கோப்பில் கை வைக்கும் முன் மட்டும் சம்மதம் கேட்கும்.

"படிச்சுப் பாக்காம சரின்னு அடிச்சிராதீங்கக்கா" என்றான் ஹுஸைஃபா.

இந்த வருடம் ஆனி மாதம் சாரல் தொடங்கியிருந்தது. நானும் பக்கத்தில் நின்றேன். 'ஒரே அறை இரண்டு பேருக்கு விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு புரோகிராம் எழுது' என்று அடித்தாள். அது புக்கிங் பட்டியலைப் படித்துவிட்டுக் கேட்டது: பதினோரு பதிவுகளில் போன் நம்பர் இல்லை, அரைகுறையாகத் தெரிகின்றன, முதலில் அவற்றை நீக்கட்டுமா?

"சரின்னு அடிளா. எம்புட்டு நேரம் நிக்க?"

"அண்ணாச்சி, இந்தப் பதினோரு பேரும் ஒங்க ஆளுவ. வருசா வருசம் வாறவங்க. நம்பர் கேட்டா கோவிச்சுக்கிடுவாவன்னு நீங்கதான கேக்க விடல?"

வாஸ்தவம்தான். என்னை நம்பி வருகிறவரிடம் நம்பர் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

'வேண்டாம், இவர்கள் கட்டாயம் வருவார்கள்' என்று அடித்தாள். அது ஏற்றுக்கொண்டு பத்து நிமிடத்தில் எழுதி முடித்தது. ஓட்டிப் பார்த்தாள். ஆடி முதல் சனிக்கிழமை, ஒன்பதாம் நம்பர் அறை, இரண்டு பேர். ஒருவர் நம்பர் இல்லாத ஆவுடையப்பன். இன்னொருவர் போனில் பதிந்த மதுரைக்காரர். சரி என்று அடித்திருந்தால் ஆவுடையப்பன் பெயரே போயிருக்கும், படிக்கட்டில் மறுபடியும் சண்டை.

மதுரைக்காரரை அன்றைக்கே கூப்பிட்டுப் பதினாலுக்கு மாற்றினாள்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு குடும்பமும் அடுத்தடுத்து வந்து இறங்கின. ஆவுடையப்பன் என்னைக் கட்டிப் பிடித்துவிட்டு நேரே ஒன்பதுக்கு ஏறிப் போனார். பொன்செல்வி என்னைப் பார்த்தாள்.

"இப்ப சொல்லுங்க அண்ணாச்சி, நான் வீட்டோட இருக்கவா?"

"வந்தவங்கள நிக்க வச்சுக்கிட்டு என்ன பேச்சு? பதினாலு சாவிய எடுத்துக் குடுளா."