குதிரைப் படங்களில் நிலம்

புதிதாக வரும் குதிரைக்காரப் படங்களை நான் விடாமல் பார்க்கிறேன். சின்ன வயதில் டிவியில் தமிழ் பேசிக்கொண்டு வந்த கௌபாய்களுக்கு வீடு வாசல் இருந்ததாகவே நினைவில்லை. வருவார்கள், சுடுவார்கள், போவார்கள். இப்போது எடுக்கிறவர்களுக்கு அவசரமில்லை. ஒரு பெண் வாளியில் தண்ணீர் சுமந்து வருவதை முழுதாகக் காட்டுகிறார்கள். அந்த மண்ணில் முன்பே வாழ்ந்தவர்களையும் மறைப்பதில்லை. துப்பாக்கி எப்போதாவதுதான் வெடிக்கிறது. ஆனால் எந்தப் படத்தைப் போட்டாலும் கடைசியில் சண்டை ஒன்றுதான்: இந்த இடம் யாருடையது?

போன மாதம் அப்படி ஒரு படத்தை அண்ணனோடு பார்த்தேன். பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் தென்னந்தோப்பை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கிணற்று மோட்டார் புகைந்துபோக, உள்ளே கம்பிச்சுருளை மாற்றிக் கட்டக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்திருந்தார். சாயங்காலம் ஆகும் என்று பட்டறையில் சொல்லிவிட்டதால் என் வீட்டுக்கு வந்தார்.

அண்ணன் இரண்டாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்தவள் நான் ஒருத்திதான். திரையின் கீழே ஓடிய ஆங்கில எழுத்துகளை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் பார்த்தார். கணவனை இழந்த ஒருத்திக்கு ஆற்றோரம் நிலம், நிறைய மாடுகள். ரயில்பாதை போடும் கம்பெனி அந்த நிலத்தைக் கேட்கிறது.

"ஏனம்மிணி, அத்தனை மாட்டையும் ஆரு பால் கறக்கறது?"

"அது கறிக்குங்கண்ணா."

"அத்தனையுமா?" திரையில் இருந்த மாடுகளைக் கண்ணாலேயே எண்ணினார். "சாணியக்கூட அள்ள மாட்டீங்கறாங்க. வீணாப் போவுது."

கம்பெனிக்காரன் அவள் மேசையில் காகிதத்தை விரித்துப் பேனாவையும் வைத்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்துவிட்டான். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு காகிதத்தை அவன் பக்கமே தள்ளிவிட்டாள்.

அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டார். "அதான் கண்ணு படிப்பு. படிக்காதவளா இருந்தா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் பக்கம் பெண்ணுக்கு நகை, பையனுக்குத் தோட்டம். தோட்டத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று பெண் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகே கல்யாண வேலை தொடங்கும். என் கல்யாணத்துக்கு முன்பும் பத்திர ஆபீசுக்குப் போனோம். எழுத்தர் பத்திரத்தை வாசிக்க எடுத்தபோது, கைநாட்டு வைத்தே பழகிய அப்பா அவரைத் தடுத்தார். "இருங்க, எங்க அம்மிணியே படிக்கும்" என்றார். பாத்தியதை, அனுபோகம் என்று வரும் அந்தப் பழைய சொற்களையெல்லாம் நான் தடுமாறாமல் வாசித்தேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். எழுதியிருந்தது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் யாரோ ஒருத்தியைப் பற்றிய பாடத்தை வகுப்பில் வாசிப்பது போலத்தான் வாசித்தேன். கீழே ஆங்கிலத்தில் போடும் கையெழுத்து அழகாக விழ வேண்டுமே என்பதுதான் என் கவலை.

எனக்குத் தோட்டத்தின் விளைச்சலோ அதன் விலையோ தேவையில்லை, சம்பாதிக்கிறேன். அப்பா இறந்த பிறகு தோட்டத்து வீட்டுக்குப் போனால், அண்ணி காபி கொடுத்து உட்காரச் சொல்லும் விருந்தாளி நான். அப்படியில்லாமல் நிற்க ஒரு மூலையாவது எனக்கென்று வேண்டும். பல நாளாக வாய்க்குள் வைத்திருந்ததைப் படம் பார்த்த அன்று தொடங்கிவிட்டேன்.

"நானும் படிச்சுப் பாத்துத்தானுங்கண்ணா போட்டுக் குடுத்தேன்."

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சிரிச்சுட்டுத்தான போட்ட."

"அன்னைக்கு நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"அப்பன் குதிச்சிருப்பாரு." யோசித்தார். "நான் ஒண்ணுஞ் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு அப்ப என்ன தெரியும்?"

"இப்பக் கேட்டா என்னங்க சொல்லுவீங்க?"

படத்தில் குதிரைகள் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தன. கடைசிக் குதிரையும் கரையேறிய பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"நான் மாட்டுக்குப் பின்னால போனதுனாலதான கண்ணு நீ பள்ளிக்கோடம் போன. உனக்குப் படிப்பு, எனக்குத் தோட்டம். அப்பன் சரியாத்தான் பிரிச்சு உட்டாரு."

கோபமில்லாமல், தங்கைக்கு எடுத்துச் சொல்கிற குரலில்தான் சொன்னார். அதில் பாதி உண்மை. காய்ந்து கிடந்த தோப்பில் சொட்டுநீர்க் குழாய் போட்டு, பட்ட மரங்களுக்குப் பதில் புதுக்கன்று வைத்து இன்று காய்க்க வைத்திருப்பவர் அவர். பள்ளிக்கூடமே போகாத பெண்களும் எங்கள் பக்கம் இதே பத்திரத்தில் கைநாட்டு வைத்தார்கள் என்ற மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு எத்தனையோ சொற்கள் தெரியும். நான் திரையில் ஓடிய அடுத்த வரியைத் தமிழில் சொன்னேன்.

பட்டறையிலிருந்து போன் வந்தது. அண்ணன் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "தேங்கா தீந்துபோச்சுன்னா ஒரு போன் போடு கண்ணு. பஸ்ஸுல போட்டு உடறேன்" என்றார்.

"சரிங்கண்ணா" என்றேன்.

இனி அவரிடம் இதைக் கேட்க மாட்டேன் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்லியிருந்தால் அண்ணன் எதிர்த்துப் பேசாமல் இருந்திருக்கக்கூடிய நாள் ஒன்று இருந்தது. அன்று எல்லோரும் கேட்கும்படி நான் பத்திரத்தை நன்றாக வாசித்துக்கொண்டிருந்தேன்.