இடப்பக்கம் வந்த ஆடு

அந்த ஆடு எனக்குத் தெரியவே இல்லை. புதூர் சாலையில் வெயில் நன்றாக ஏறிய நேரம். இருபுறமும் உழுது போட்ட கரிசல், மறைக்க ஒரு கருவேலஞ்செடிகூடக் கிடையாது. வேனின் இடது முனையில் சத்தம் கேட்ட பிறகுதான் பிரேக்கை மிதித்தேன்.

நல்லவேளை, ஆடு காலை நொண்டிக்கொண்டு எழுந்துவிட்டது. ஆட்டுக்காரர் என் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

"பட்டப்பகல்ல இம்புட்டுப் பெரிய ஆடு வருது, தெரியலையாவே? உள்ள பொம்பளையள வச்சிக்கிட்டு எதப் பாத்து ஓட்டுதீரு?"

தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஊர் ஊராக ஏற்றிப் போகும் வேன் டிரைவர் நான். சொந்த வேன். யாராவது ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிற வாய். அன்றைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியில் ஏறினேன். வண்டிக்குள் இருந்த எல்லாரும் ஆட்டைப் பார்த்திருக்கிறார்கள், என்னைத் தவிர.

வீட்டில் மனைவி ராமலட்சுமியிடம் சொன்னேன்.

"கதவு நிலையில தோள இடிக்கீங்க. பக்கத்துல வச்ச காப்பியத் தட்டி விடுதீங்க. கோவத்துல செய்யுதீங்கன்னுல்லா நான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

மறுநாளே கோவில்பட்டியில் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், அழுத்தம் அளந்தார். கிளாக்கோமாவாக இருக்கலாம் என்றார் (கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகும் நோய்). எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்தேனே என்று வாதாடினேன்.

"நேரா நல்லாத் தெரியும். வலிக்காது. ஓரம்தான் முதல்ல போகும். எவ்வளவு போயிருக்குன்னு பார்க்கணும். அதுவரை வண்டிய எடுக்காதீங்க."

வண்டியை எடுக்காதே என்றால் நான் யார்? அந்தக் கேள்வியோடுதான் பார்வைப் புலச் சோதனைக்குப் போனேன் (கண்ணை அசைக்காமல் எவ்வளவு அகலத்துக்குத் தெரிகிறது என்று அளப்பது). அங்கிருந்த பெண்ணின் கையில் ஒரு விஆர் ஹெட்செட். பொருட்காட்சியில் பையன்கள் கண்ணில் மாட்டிக்கொண்டு ஐயோ அம்மா என்று அலறுவார்களே, அதே பெட்டி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுல டைனோசர் வருமா தாயி?"

"வராது அண்ணாச்சி. நடுவுல மஞ்சப் புள்ளி ஒண்ணு தெரியும். அத மட்டும் பாருங்க. சுத்தி எங்கனயாவது வெளிச்சம் மினுங்குனா இந்தப் பட்டன அமுக்குங்க."

மாட்டியதும் சிரிப்பு போயிற்று. மூக்கின் மேல் பாரம். அறை, சுவர், ராமலட்சுமி எல்லாம் ஒரே அடியாக மறைந்து, என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. முதலில் வலது கண். வெளிச்சம் வந்தது, அமுக்கினேன். இன்னொன்று வந்தது. அந்தப் பெண் சோதனையை நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, கண்ண அலைய விடாதீங்க. வெளிச்சத்தத் தேடக் கூடாது."

"தேடாம எப்படிம்மா? நான் டிரைவருல்லா!"

மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி நிறுத்தினாள். எந்தப் பக்கம் எது குறுக்கே வருமோ என்று தேடித் தேடியே பிழைத்த கண். சும்மா இரு என்றால் கேட்குமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவழியாக முடித்தேன்.

அடுத்து இடது கண். மஞ்சள் புள்ளி இருந்தது. அதைச் சுற்றி ஒன்றுமில்லை. காத்திருந்தேன். இன்னும் ஒன்றுமில்லை.

"மெஷின் நின்னுபோச்சா தாயி?"

"ஓடிக்கிட்டுதான் இருக்கு அண்ணாச்சி."

பட்டனில் கட்டைவிரலை வைத்தேன். சும்மா அமுக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. நாலைந்து தடவை அமுக்கினால் வேன் என்னிடம் இருக்கும். அப்போது இடது ஓரத்து இருக்கையில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பேசிச் சிரித்து வரும் ஆலைப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். கட்டைவிரலைப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஹெட்செட்டைக் கழற்றியதும் ராமலட்சுமியைக் காணவில்லை.

"எங்கட்டி போன?"

"இங்கனதான நிக்கேன்."

என் இடது தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அந்தப் பெண்ணின் கையில் இருந்த திரையில், வெளிச்சம் ஒவ்வொரு இடமாக மினுங்கியதையும் நான் பட்டனை அமுக்காமல் உட்கார்ந்திருந்ததையும் ராமலட்சுமி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

இடது கண்ணில் நடுப்பகுதிதான் மிச்சம். வலது கண்ணிலும் மூக்கை ஒட்டிய பக்கம் போகத் தொடங்கிவிட்டது.

"போனது திரும்ப வராது. மருந்த விடாம போட்டா இருக்கறதக் காப்பாத்தலாம்" என்றார் டாக்டரம்மா. "கண்ணச் சுழட்டிச் சுழட்டியே சமாளிச்சிருக்கீங்க. அதான் உங்களுக்கே தெரியல."

"வேன்?"

"வேண்டாம்."

அங்கேயே அழுதேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் உங்களுக்கும் வரலாம்; ஆடு வரும்வரை காத்திருக்காமல் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்குள் பயம் வந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், கழற்றி இளைப்பாற விடுவார்கள். தெரியாத வெளிச்சத்துக்கு மட்டும் பட்டனை அமுக்காதீர்கள். உங்களைத் தவிர யாரும் அங்கே ஏமாற மாட்டார்கள்.

வேனை இப்போது மச்சினன் ஓட்டுகிறான். காலையில் ஹார்ன் சத்தம் கேட்டால் வலது கால் தானாக பிரேக்கைத் தேடுகிறது. என் நாள் சொட்டு மருந்தில் தொடங்கி சொட்டு மருந்தில் முடிகிறது. இடப்பக்கத்திலிருந்து எதுவும் எனக்கு வருவதில்லை. திடீரென்று இருக்கிறது, அவ்வளவுதான்.

கடைக்கு நடந்து போனால் ராமலட்சுமி பிடிவாதமாக இடப்பக்கமே வருகிறாள். வலப்பக்கம் வாயேன் என்றால் கேட்பதில்லை.

"வந்தா நேரா பாத்துக்கிட்டே போயிருவீங்க. கழுத்து திரும்பிப் பழகட்டும்" என்கிறாள். பிறகு ஒரு சிரிப்பு. "கல்யாணம் ஆன புதுசுலகூட இப்படித் திரும்பித் திரும்பிப் பாக்கலயே நீங்க!"

நாலடிக்கு ஒரு தடவை திரும்புகிறேன். திரும்புவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு பதறுகிறது. திரும்புகிறேன். இருக்கிறாள்.