லென்ஸுக்கு முன்னால் ஓர் அட்டை

என் அத்தானைக் கோழை என்று ஊரே சொன்னது. முதலில் சொன்னவன் நான். அதை ஒப்புக்கொண்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், முப்பத்தொரு வருஷம் சினிமாத் தியேட்டரில் ஆபரேட்டர். மாடியில் சின்ன அறை, இரண்டு புரொஜெக்டர், சுவரில் ஒரு சதுர ஓட்டை. எந்தப் படம் எப்படி என்று கேட்டாலும், "ரீல் நல்லா இருக்கு", இல்லாவிட்டால் "ஒட்டு ஜாஸ்தி" என்பார். கதையைக் கேட்டால், "அது எனக்கெதுக்குப்பா?" என்று சிரிப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன்!

அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகனை நாங்கள் வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். சட்டமெல்லாம் படிக்கவில்லை. குளிக்கச் சொன்னால்கூட "ஏன்?" என்று வாதாடுவான், அவ்வளவுதான். நான் பழைய புத்தகக் கடை வைத்திருந்தேன். என் கடையே கதி என்று கிடந்தான். சரித்திரம் என்றால் அவனுக்கு உயிர்.

"மாமா, கோட்டை கட்டின ராஜா பேரு இருக்கு. கல்லு சுமந்தவன் பேரு எங்க?" என்று கேட்பான்.

"உன் பேரு எங்கயும் வராம இருந்தா சரிடா" என்று நான் திட்டுவேன். திட்டிவிட்டு, தடை செய்த ஒரு சரித்திரப் புத்தகத்துக்குக் காக்கி அட்டை போட்டு அவன் கையில் கொடுத்ததும் நான்தான். யாரை நொந்து என்ன ஆகப்போகிறது?

இருபத்திரண்டு வயதில், பேச்சுரிமை கேட்டு நடந்த ஊர்வலத்துக்குப் போனான். மறுவாரம் வீட்டுக்கு வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். புத்தகங்களோடு போட்டோக்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் கேட்ட இடத்திலெல்லாம், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்ற பதில்தான். அக்காவிடம் அவன் முகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அடுத்த வருஷம் ஒரு படம் வந்தது. நடுவில் அந்த ஊர்வலம் நடந்தபோதே எடுத்த காட்சியைச் சேர்த்திருந்தார்கள். வெளியூரில் முதல் நாளே பார்த்துவிட்ட அவனுடைய சிநேகிதன் ஓடி வந்தான். "அம்மா, நம்ம வக்கீல் வர்றான். நேராப் பார்த்துச் சிரிக்கிறான். பதினோரு விநாடி, எண்ணிட்டேன்!"

எங்கள் தியேட்டருக்குப் படம் வரும்போது கூடவே சர்க்கார் ஆபீஸிலிருந்து ஒரு பட்டியலும் வந்தது. ரீல் படக் கம்பெனிக்கு முழுசாகத் திரும்பிப் போக வேண்டும், வெட்டக் கூடாது. அதனால் நாலு இடத்தில் ஆபரேட்டர் லென்ஸுக்கு முன்னால் அட்டையைப் பிடித்து மறைக்க வேண்டுமாம். மூன்றாவது இடம் ஊர்வலம். அந்த ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் ஸ்டூல் போட்டு அத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். காட்சி முடிந்ததும் ரீல் பெட்டியைப் பூட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

படம் ஓடிய மூன்று வாரமும் அக்கா மதியக் காட்சிக்குப் போனாள். மூன்றாவது இடம் வந்ததும் திரை இருண்டுவிடும். சத்தம் மட்டும் கேட்கும். ஜனங்கள் விசிலடிப்பார்கள். அக்கா அந்தக் கோஷத்துக்குள் அவன் குரலைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கடைசி நாள் காலையில் நான் அக்கா வீட்டில் இருந்தேன்.

"ஒரே ஒரு தடவை உங்க கை தவறினா என்னங்க?" என்றாள்.

"பொண்ணு இருக்கா. அவளையும் கூட்டிட்டுப் போனா? கடவுள் எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் இருக்கார், விடு."

"கடவுள் பார்ப்பார். பெத்தவ நான் பார்க்க வேணாமா?"

அத்தான் வேலைக்குப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டார். பிறகு, "சரி, வா" என்றார்.

அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். மூன்றாவது இடம் வந்தது. திரை இருண்டது. பதினோரு விநாடியும் இருண்டே இருந்தது. அவள் எழுந்து வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். அதைப் பற்றி அவரிடம் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் தியேட்டர் மாடிப்படியில் நின்று கத்தினேன்: "நீயெல்லாம் ஒரு அப்பனாய்யா? கோழை!"

அவர் திருப்பித் திட்டவில்லை. "பிடிச்ச அட்டை மேலயே அவன் விழுந்தான்டா. இத்தனை நாளும் என் கைக்குள்ளதான் விழுந்தான். வெறும் வெளிச்சமாத்தான் இருந்தது, முகம் தெரியல" என்றார். எனக்கிருந்த ஆத்திரத்தில் அது காதிலேயே ஏறவில்லை.

ஒன்பது வருஷம் கழித்து அக்கா போய்ச் சேர்ந்தாள். அதற்கும் ஆறு வருஷம் கழித்து ஆட்சி மாறியது, தடை போனது. அதே தியேட்டரில் அதே படத்தை மாலை, மேடை, பேச்சு எல்லாம் வைத்து முழுசாகப் போட்டார்கள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்றால் இதுதான்! மேடையில் பேசியவர்களில் அந்தப் பழைய குமாஸ்தாவும் இருந்தார்.

அத்தானை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். சலவைச் சட்டை போட்டு வந்தார். அக்கா உட்காரும் வரிசையிலேயே உட்கார்ந்தோம். ஊர்வலம் வந்தது. அவர் வலது கை மெல்ல எழுந்து கண்களை மறைத்தது. பழக்கதோஷம் என்று நினைத்து, "அத்தான், கையை எடுங்க, அவன் வர்றான்!" என்று இழுத்தேன். கை இம்மிகூட அசையவில்லை. நான் திரும்பியபோது திரையில் என் வக்கீல் சிரித்துக்கொண்டிருந்தான். கக்கத்தில் காக்கி அட்டை போட்ட புத்தகம். சரியாகப் பார்ப்பதற்குள் போய்விட்டான்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "நாளைக்கும் காட்சி இருக்கு. வந்து பாருங்க" என்றேன்.

"வேணாம்டா" என்றார். "அவளுக்குக் காட்டாததை நான் மட்டும் எப்படிப் பார்க்குறது?"

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவரைச் சாலை தாண்டிக் கூட்டிப் போனேன்.