மன்னிக்காமல் போன சொர்ணம் அக்கா

கழக்கூட்டம் சிக்னலில் அலுவலகப் பேருந்து நின்றுகொண்டிருந்தபோது டயாலிசிஸ் பிரிவின் சிஸ்டர் அழைத்தார். என்னுடைய ரத்தப் பரிசோதனை முடிவுதான் மோசமாக வந்திருக்கிறது என்று நினைத்து எடுத்தேன். "சாரே, நம்முடெ சொர்ணம் சேச்சி போயி" என்றார் மலையாளத்தில். முந்தின நாள் மதியம் கடையில் தேங்காய் அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். மருத்துவமனைக்குக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பேருந்து நகர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் அழுகை வரவில்லை. மூன்றாம் கட்டில்காரர் தப்பித்துவிட்டார் என்ற ஆத்திரம்தான் வந்தது. அவர் யார் என்று பிறகு சொல்கிறேன்.

பழவங்காடி பிள்ளையாருக்கு உடைக்க அக்காவிடம் தேங்காய் வாங்கியவர்களும், வாரத்தில் மூன்று நாள் அவருக்குப் பக்கத்தில் படுத்து ரத்தம் சுத்தம் செய்துகொண்ட எங்களைப் போன்றவர்களும் காரியத்துக்கு வந்திருந்தோம். பேசியவர்கள் எல்லாம் அவரைப் பொறுமைசாலி, யார்மேலும் கோபம் வைக்காதவர் என்றார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவே எனக்குப் பொறுக்கவில்லை. சொர்ணம் அக்கா ஒரு மனிதரை முப்பத்தைந்து வருடம் வெறுத்தார். மன்னிக்காமலேயே போனார். அதை யாராவது எழுதி வைக்க வேண்டும்.

எனக்கு முப்பத்தாறு வயதில் சிறுநீரகம் போயிற்று. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. நான்கு மணி நேரம் இடது கையில் ஊசியுடன் அசையாமல் கிடக்க வேண்டும் என்றபோது, கையடக்க வீடியோ விளையாட்டுக் கருவி ஒன்றைக் கொண்டுபோனேன். ஓடிக்கொண்டே சுடும் விளையாட்டுக்கு இரண்டு கை வேண்டும். கதாபாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டுகளில் நாம் ஒரு அடி அடித்தால், எதிரி ஒரு அடி அடிப்பான். நாம் யோசித்து முடிக்கும்வரை காத்துநிற்பான். ஒற்றைக் கை போதும்.

அடுத்த கட்டிலில் இருந்த அக்கா இரண்டு நாள் எட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள், "தம்பி, அந்தப் பிள்ள யாரத் தேடிப் போறா?" என்று கேட்டார்.

கதையைச் சொன்னேன். படகுக்காரன் மகள் ஒருத்தி. கோட்டைத் தலைவன் ஒருவன் அணையைத் திறந்துவிட்டு அவள் ஊரை மூழ்கடிக்கிறான். தப்பித்தவள் மூன்று பேரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு அவனைத் தேடிப் போகிறாள்.

"புடிச்சிருவாளா?"

"நானே இன்னும் பாதி தாண்டலக்கா."

மறுவாரமே கிழக்கேகோட்டையில் ஒரு பழைய கருவியைத் தேடிப் பிடித்து வாங்கி வந்துவிட்டார். அதே விளையாட்டைப் போட்டுத் தரச் சொன்னார். அக்காவுக்கு மலையாளம் எழுதப் படிக்க வரும், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆங்கிலம் தெரியாது. திரையில் வரும் வசனங்களை நான்தான் படித்து, தமிழில் சொல்ல வேண்டும். ஒருமுறை சோம்பல்பட்டு நீண்ட பேச்சு ஒன்றைச் சுருக்கிச் சொன்னேன். "அவ வாய் அவ்வளவு நேரம் அசைஞ்சுது, நீ ரெண்டு வார்த்த சொல்லுத. முழுசாச் சொல்லு" என்றார். அதன்பிறகு ஒரு வரியும் விட்டதில்லை. ஒரே மாதத்தில் என்னை முந்திவிட்டார்.

ஆறேழு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு வியாழக்கிழமை, எங்களுக்கு எதிரே இருந்த மூன்றாம் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். எண்பதை நெருங்கிய வயது, இஸ்திரி போட்ட சட்டை, கூடவே ஃபிளாஸ்க்குடன் மகள். படுக்கும் முன் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். அக்கா கருவியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார். அன்று முழுவதும் அதைத் தொடவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். மருத்துவமனை வாசலில், கையில் கட்டுப் பஞ்சை அழுத்திக்கொண்டே சொன்னார்.

அக்கா பிறந்தது பொன்முடியில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்கப் போன குடும்பம். அவருக்குப் பதினெட்டு வயதாகும்போது, மூத்தவள் வேலம்மாளுக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தது. காலை நேரம். பேருந்து மதியத்துக்கு மேல்தான். தோட்டத்து ஜீப் பங்களா வாசலில் நின்றது. அப்பாவும் சொர்ணமும் ஓடிப்போய் மானேஜரிடம் கேட்டார்கள்.

"விருந்தாளி வந்திருக்காங்க, மலை சுத்திக் காட்டணும், ஜீப் தர முடியாதுன்னுட்டான். அவன் பக்கத்துல ஒரு பொம்பள தொப்பி போட்டுட்டு நின்னா. அவ கூட அய்யோன்னா. இவன் சொல்லல." அக்கா என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துப் பேசினார். "கம்பளியில கட்டித் தூக்கிட்டு எறங்கினோம். வளைவு வளைவா எறங்கினோம். பாதி மலையில உசிரு போச்சு. நாங்க ரோட்டுல உக்காந்திருக்கும்போது அந்த ஜீப்பு எங்களத் தாண்டிப் போச்சு தம்பி. ஆரன் அடிச்சிட்டுப் போச்சு."

அந்த மானேஜர்தான் மூன்றாம் கட்டிலில் படுத்திருந்தார். அவருக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை. அந்த நரைத்த தலையில் கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணை அவர் எப்படிக் காண முடியும்? கட்டில் மாற்றிக் கேட்கலாமா என்றேன். "வேண்டாம். எனக்கு நேரா கெடக்கட்டும்" என்றார்.

சில வாரம் கழித்து ஒருநாள், ஊழியர்கள் கோடியில் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே மானேஜர் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார். நெற்றியில் வியர்வை. ரத்த அழுத்தம் இறங்குவதன் அறிகுறி அது, எங்களுக்கெல்லாம் தெரியும். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா கத்தினார்: "சிஸ்டரே, மூணாம் கட்டில்! ஆளு போகுது!" ஓடி வந்து தலையைத் தாழ்த்தி, உப்புநீர் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். மகள் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் போனதும், "மன்னிச்சிட்டீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"மன்னிப்பா? அவன் மயக்கத்துல போயிட்டா நான் யார்கிட்ட கேக்கது?"

அந்த வாரமே அக்கா விளையாட்டின் கடைசிக் கட்டத்துக்கு வந்தார். கோட்டைத் தலைவன் தோற்று மண்டியிடுகிறான், அழுகிறான். நான் என் கருவியை வைத்துவிட்டு அவருடையதைப் பார்த்துப் படித்தேன். 'நான் கொடியவன். என் பாவங்கள் என்னைத் தின்கின்றன. என்னை மன்னித்துவிடு.' திரையில் இரண்டு தேர்வுகள் வந்தன: மன்னிப்பது, வெட்டுவது.

"இவன் யார் பேரையாச்சும் சொல்லுதானா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"ஊரே முங்கிச்சு. ஒரு ஆளு பேரு கூட இவனுக்குத் தெரியாது. தன்னப் பத்தியே பேசுதான் பாரு." பொத்தானை அழுத்தினார். வெட்டினார்.

திரை இருண்டது. உருவாக்கியவர்களின் பெயர்கள் இசையில்லாமல் ஓடின. அவ்வளவுதான். மன்னித்தவர்களுக்கு மட்டும் வேறு முடிவு உண்டு என்று நான் படித்திருந்தேன். வெள்ளம் வடியும், ஊர் எழும், குழந்தைகள் ஆடுவார்கள், பாட்டு வரும். அதைச் சொன்னேன். "அப்பிடியா?" என்றார். "செத்தவங்க திரும்பி வருவாங்களா?" வரமாட்டார்கள் என்றேன். "பெறவு என்ன பாட்டு?"

அடுத்த முறை, மானேஜர் வந்து உட்கார்ந்ததும் அக்கா பேசினார். குரலை உயர்த்தவில்லை. தான் யார், யாருடைய மகள், அந்தக் காலையில் என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். பிரிவு முழுவதும் கேட்டது.

"எத்தனையோ வருஷமாச்சு" என்றார் அவர். "எனக்கு ஓர்மையில்ல. சத்தியமா ஓர்மையில்ல."

நடித்தார் என்று நான் நினைக்கவில்லை. நினைவில்லைதான். அதுதான் என்னை எரித்தது.

"சரி, இனிமே ஓர்ம வரட்டும். எங்க அக்கா பேரு வேலம்மாள். இங்க வாற ஒவ்வொரு நாளும் அந்தப் பேரச் சொல்லிட்டுத்தான் நீங்க படுக்கணும். மாட்டேன்னா, வெளிய இருக்காள்லா உங்க மக, அவகிட்ட இந்தக் கதைய நான் சொல்லுதேன். என் கையப் புடிச்சு அழுத பிள்ள."

அவர் கதவைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"கேக்கல."

"வேலம்மாள்" என்றார்.

நான்கு மாதம், ஒருநாள் விடாமல் சொன்னார். முதலில் முணுமுணுப்பாக, பிறகு தெளிவாக. சில நாள் அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காது மட்டும் அங்கே இருந்தது. ஒருநாள் கேட்டேன்: "போதுமாக்கா?"

"போதாது. ஆனா வேற என்ன கெடைக்கும்? இது இருக்கட்டும்."

அக்கா இறந்த செய்தி வந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை. அக்காவின் கட்டிலில் யாரும் இல்லை. புது விரிப்பு போட்டிருந்தார்கள். மானேஜர் வந்தார். அந்தக் கட்டிலைப் பார்த்தார். சிஸ்டர் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, பேரைச் சொல்லாமல் கால் நீட்டிப் படுத்தார். முகத்தில் ஒரு தளர்வு இருந்தது. என் கற்பனை என்று சிலர் சொல்லக்கூடும். நான் பார்த்தேன்.

"சார், பேரு" என்றேன்.

"அவங்க போயாச்சே."

"நான் இருக்கேன். ரெண்டு பேர் பேரையும் சொல்லுங்க."

கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தார். "சொர்ணத்தோட சாவுக்கு நான் காரணம் இல்ல" என்றார். யோசித்துப் பார்த்தேன். அது நியாயம்தான். அக்கா இருந்திருந்தாலும் செய்யாத குற்றத்தை யார் தலையிலும் ஏற்றியிருக்க மாட்டார்.

"சரி. ஒரு பேரு போதும்."

சொன்னார்.

அன்று என் கருவியில் நானும் கடைசிக் கட்டத்தை முடித்தேன். பல வருடங்களில் நான் ஆடியவற்றில் சிறந்த விளையாட்டு அது. சண்டைகளின் கணக்கு நேர்த்தி, துணைக்கு வரும் கிழட்டு வில்லாளியை எளிதில் மறக்க முடியாது. ஆனால் அந்த முடிவை வைத்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. மன்னிக்கிறவளுக்கு மட்டும் ஊரையும் பாட்டையும் கொடுத்து, மன்னிக்காதவளை இருட்டில் நிறுத்துவதற்கு இவர்கள் யார்? அந்தப் பாட்டு கேட்க நன்றாக இருக்குமாம். கேட்காமலே இருந்துகொள்கிறேன். நானும் வெட்டினேன்.

சொர்ணம் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய பகையை. அது என்னுடையது அல்ல என்று வீட்டில் சொல்கிறார்கள், உடம்புக்கு ஆகாது என்கிறார்கள். பொன்முடிக்கு நான் போனதே இல்லை, வேலம்மாளின் முகம் எனக்குத் தெரியாது. ஆனாலும் செவ்வாய், வியாழன், சனி காலை ஏழு மணிக்கு நான் என் கட்டிலில் இருப்பேன், எதிரே அவர் வருவார். எங்கள் இருவரில் யார் முந்திப் போவோம் என்று தெரியாது. நான் முந்திவிட்டால் அவரிடம் அந்தப் பேரைக் கேட்கும்படி சிஸ்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.